அப்பாவின் அஸ்தி: ஸ்ரீரங்கப்பட்டணமா, மாயவரமா? பெங்களூரில் இருப்பவர்கள் வழி சொல்லுங்கள்

கே.ஆர்.புரம்_மகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா போன மாதக் கடைசியில் தவறிவிட்டார். 76 வயது. கல்பள்ளி மின் மயானத்தில் தகனம். காலையில் கொடுத்தோம், மத்தியானம் கூப்பிட்டு எலும்பும் சாம்பலுமாகத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். சித்தப்பா பால் தெளித்தார், நான்தான் என் கையால் பொறுக்கி மண் கலயத்தில் போட்டேன், மஞ்சள் துணியால் வாயைக் கட்டி எடுத்து வந்தோம். 16ஆம் நாள் கருமாதியும் ஆகிவிட்டது. கலயம் மட்டும் இன்னும் போர்ட்டிகோவில், அப்பா குடை மாட்டுகிற கொக்கியில் தொங்குகிறது. வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மா காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். ஒன்றும் பேசுவதில்லை, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்துவிடுகிறார்.

ஏன் இத்தனை நாள் என்று கேட்பீர்கள். தம்பி அமெரிக்காவில் இருக்கிறான், விசா வேலை பாதியில் நின்றதால் சாவுக்கு வர முடியவில்லை. ஆகஸ்ட் முதல் வாரம் வருகிறான். முகத்தைத்தான் பார்க்கவில்லை, அஸ்தியையாவது நான் கரைக்கிறேன், அதுவரைக்கும் வை அக்கா என்று போனில் அழுதான். தட்ட எனக்கு மனசு வரவில்லை.

அப்பா மாயவரம் பக்கத்துக்காரர். 1974ல் தூரவாணி நகர் ஐ.டி.ஐ. டெலிபோன் தொழிற்சாலையில் வேலை கிடைத்து இங்கே வந்தார், அதற்கப்புறம் இந்த ஊர்தான். ஊரில் இப்போது எங்களுக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. ஆனாலும் ஜூன் 12 வந்தால் மேட்டூர் திறந்தார்களா, எத்தனை அடி இருக்கிறது என்று பேப்பரில் முதலில் அதைத்தான் தேடுவார். இந்த வருஷம் 12ஆம் தேதி பேப்பர் வந்து அப்படியே மடிப்புக் கலையாமல் கிடந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தபோது "காசிக்கெல்லாம் அலையாதீங்க, என்னைக் காவிரியில விட்டுடுங்க" என்றார். காவிரியில் எந்த இடம் என்று சொல்லவில்லை, கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

இப்போது ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு அங்கிள் கன்னடக்காரர், அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர், 91 டிசம்பரில் காவிரிக் கலவரம் நடந்தபோது எங்களை மூன்று நாள் அவர் வீட்டில் வைத்திருந்தார். ஸ்ரீரங்கப்பட்டணம் பச்சிம வாஹினிக்குப் போகலாம், நானே கூட வருகிறேன் என்கிறார். அத்தையோ மாயவரம் துலாக்கட்டப் படித்துறையைத் தவிர வேறெங்கே விட்டாலும் அண்ணன் ஊர் வந்து சேராது என்கிறார். தம்பிக்குக் காசிதான். அம்மாவிடம் கேட்டால், எங்கே வேண்டுமானாலும் விடுங்கள், ஒரு பிடி மட்டும் பின்பக்கம் அவர் வைத்த பவழமல்லி அடியில் போடுங்கள் என்கிறார்.

ஆகஸ்ட் வரை வைத்திருப்பது தப்பா? அஸ்தியைப் பிரிக்கலாமா? தம்பி வராமல் போனால் நானே செய்யலாமா, பெண் செய்யக் கூடாது என்று சித்தப்பா லேசாக இழுக்கிறார். செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.


ராமமூர்த்திநகர்வாசி எழுதியது:

அப்பாவுக்கு என் அஞ்சலி. அம்மாவை நினைத்தால் மனசு கனக்கிறது.

காத்திருப்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம். எங்கள் அம்மாவுக்கு நாங்கள் ஏழாவது மாதம்தான் கரைத்தோம். பத்து நாளுக்குள் செய்வது வழக்கம்தான், ஆனால் தள்ளிப்போனால் கரைக்கிற அன்றைக்கு அதற்கென்று ஒரு சின்னச் சடங்கு சேர்த்துச் செய்வார்கள், வருஷத் திதிக்குள் முடித்துவிடுங்கள் என்றுதான் எங்களிடம் பெரியவர்கள் சொன்னார்கள். ஆனால் கலயத்தை அந்தக் கொக்கியிலிருந்து எடுத்துவிடுங்கள். மழை தொடங்கிவிட்டது, சாரல் பட்டால் மண் கலயம் ஊறும், துணி பூஞ்சை பிடிக்கும், ஒருநாள் கயிறு அறுந்து விழுந்தால் அம்மா தாங்க மாட்டார். மூடியுள்ள ஒரு மரப்பெட்டிக்குள் கலயத்தோடு வைத்து, மாடிப் படிக்குக் கீழே நனையாத இடமாகப் பாருங்கள். சில மயானங்களில் அஸ்தி வைக்க லாக்கர் உண்டு, தகனம் செய்த ரசீதோடு நேரில் போய்க் கேட்டுப் பாருங்கள்.

ஸ்ரீரங்கப்பட்டணம் பற்றி. பெங்களூரிலிருந்து 125 கிலோமீட்டர் இருக்கும், விடியற்காலையில் மைசூர் எக்ஸ்பிரஸ்வேயைப் பிடித்தால் வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம். காவிரி அங்கே ஒரு இடத்தில் மேற்குப் பக்கமாகத் திரும்பி ஓடுகிறது, அதுதான் பச்சிம வாஹினி, இங்குள்ளவர்கள் காசிக்குச் சமமாகச் சொல்வார்கள். 1948ல் காந்தியின் அஸ்தியில் ஒரு பங்கை அங்கே கரைத்திருக்கிறார்கள். ஊரே ஒரு தீவு, அதைச் சுற்றிப் பிரிந்த இரண்டு கிளையும் மறுபடி சேர்கிற சங்கமமும் பக்கத்திலேயே இருக்கிறது, கஞ்சம் தாண்டிப் போக வேண்டும், எனக்கு அந்த இடம்தான் பிடித்தது.

நாங்கள் போனது ஏப்ரலில். பச்சிம வாஹினியில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே, பாறை இடுக்கில் தேங்கி நின்றது. சுற்றிலும் இறந்தவர்களின் துணி, போட்டோ ஃபிரேம், உடைந்த சட்டி. அம்மா எவ்வளவு சுத்தம் பார்ப்பவர் தெரியுமா, காய்கறியை நாலு தண்ணீரில் கழுவுவார், அவரை அதில் விட எனக்கு மனசே ஒப்பவில்லை. வாத்தியார் அவசரப்படுத்தினார், விட்டுவிட்டேன். இரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது. எந்தத் துறை என்பதற்கு முன்னால் அன்றைக்கு அங்கே தண்ணீர் ஓடுகிறதா என்று பாருங்கள் சகோதரி. கே.ஆர்.எஸ். அணை அதற்கு மேலேதான் இருக்கிறது, அங்கே திறந்தால்தான் இங்கே ஓட்டம். ஆகஸ்டில் குடகு மழை பெய்து அணை நிறைந்து 124.80 அடியைத் தொட்டுவிட்டால் நிறையத் திறந்துவிடுவார்கள், அப்போது படித்துறைக்கே விட மாட்டார்கள். அதனால் முந்தின நாள் உள்ளூரில் யாரிடமாவது கேட்டுவிட்டே கிளம்புங்கள், ஆற்றில் எங்கே கரைக்கலாம், கட்டுப்பாடு ஏதாவது போட்டிருக்கிறார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அப்புறம் கூலி. வண்டி நின்றதுமே நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். எங்களிடம் பேசியது ஒன்று, முடிந்தபின் கேட்டது இரண்டு மடங்கு, அழுதுகொண்டு நிற்கும்போது பேரம் பேச யாருக்கு வரும்? எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.


டெல்டாக்காரன் எழுதியது:

நானும் மாயவரம் பக்கம்தான், பொம்மனஹள்ளியில் இருக்கிறேன். ஜூன் 12 பற்றி எழுதியிருந்தீர்களே, என் தாத்தாவும் அப்படித்தான். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை.

அத்தைக்கு ஒன்று சொல்லுங்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஓடுகிற தண்ணீர்தான் டி.நரசிபுரத்தில் கபினியைச் சேர்த்துக்கொண்டு, சிவசமுத்திரத்தில் விழுந்து, மேகதாதுப் பாறைகளுக்குள் நுழைந்து, ஒகேனக்கல் வழியாக மேட்டூருக்கு வருகிறது. அதற்குக் கீழே பவானியும் அமராவதியும் வந்து சேர, முக்கொம்பு, கல்லணை தாண்டி மாயவரம் போய்ப் பூம்புகாரில் கடலைத் தொடுகிறது. ஆக அங்கே விட்டாலும் அண்ணன் ஊர்ப் பக்கம்தான் வருவார் என்று அத்தையிடம் மனசாரச் சொல்லலாம்.

ஆனால் எலும்புத் துண்டு அவ்வளவு தூரம் ஓடாது. போட்ட இடத்துக்குக் கொஞ்சம் கீழே மணலில் அமர்ந்துவிடும், மாவு போல இருக்கிற சாம்பல்தான் தண்ணீரோடு போகும், அதுவும் மேட்டூரில் தேங்கி நிற்கும். அப்பா உடம்பு உண்மையிலேயே ஊர் மண்ணில் சேர வேண்டும் என்று நினைத்தால் மாயவரத்துக்குத்தான் போக வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் போவேன். ஐம்பது வருஷம் இங்கே இருந்துவிட்டு மேட்டூர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் காவிரி என்று சொன்னபோது எந்தக் கரையை நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது, நீங்கள்தான் அவர் மகள், உங்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

போவதானால் ஆகஸ்ட் நல்ல சமயம். மேட்டூர் ஜூனில் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் மெதுவாகத்தான் வரும், முறை வைத்து விடும்போது துலாக்கட்டத்தில் சில நாள் வற்றியும் கிடக்கும், ஊரில் யாரையாவது விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆடிப்பெருக்கு அன்றைக்கு மட்டும் வேண்டாம், அது புதுப்புனலுக்குப் படையல் போட்டுப் பெண்கள் தாலி மாற்றிக்கட்டுகிற மங்கல நாள், படித்துறை நிறையக் குடும்பங்கள் இருக்கும். ஆடி அமாவாசை பித்ருக்களுக்கு உரிய நாள்தான், ஆனால் கூட்டத்தில் நிற்க முடியாது. சாதாரண ஒரு புதன்கிழமை காலை போங்கள். அத்தனை தூரம் அம்மாவால் வர முடியாது என்றால் நடுவில் பவானி கூடுதுறை இருக்கிறது, சங்கமேஸ்வரர் கோவில் படித்துறை, காவிரியும் பவானியும் சேர்கிற இடம், சேலம் வழியாகப் போனால் ஐந்து மணி நேரத்தில் போய்விடலாம்.

பக்கத்திலேயே முடித்துவிடலாம் என்று யாராவது ஓசூர் தென்பெண்ணைக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள். நம் பெல்லந்தூர், வர்த்தூர் கழிவெல்லாம் அதில்தான் போய்ச் சேர்கிறது, கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி நிற்பதை நீங்களே டிவியில் பார்த்திருப்பீர்கள்.


மே2021 எழுதியது:

நான் வேறு ஒன்று சொல்ல வந்தேன். உங்கள் கையால் பொறுக்கி எடுத்தீர்கள் இல்லையா, அதுவே பெரிய விஷயம்.

இரண்டாவது அலையில் என் பெரியப்பாவுக்கு அது கிடைக்கவில்லை. வீட்டில் எல்லாருக்கும் கொரோனா, தகனத்துக்கு யாரும் போகவில்லை, சாம்பலை வாங்கவும் போக முடியவில்லை. பத்து நாள் கழித்து நான் எழுந்து நடமாடி விசாரித்தபோது, யாரும் வாங்காத கலயங்களோடு அதுவும் போய்விட்டது என்றார்கள். அந்த ஜூன் மாதம் கர்நாடக அரசே அப்படிப்பட்ட அஸ்தியை எல்லாம் மண்டியா மாவட்டம் மளவள்ளி தாலுகா பெளகவாடியில் காவிரியில் கரைத்தது, அன்றைய வருவாய்த் துறை அமைச்சரே நின்று சடங்கு செய்தார். பெரியப்பா அதில் இருந்தார் என்று நான் நம்புகிறேன், உறுதியாகச் சொல்ல யாரும் இல்லை. வருஷா வருஷம் அவர் திதிக்குப் பெளகவாடி போய் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வருகிறேன். யாரோ முன்பின் தெரியாதவர்கள் அவருக்காகத் தண்ணீரில் இறங்கியிருக்கிறார்கள், அந்த நன்றி எனக்கு உண்டு.

தம்பிக்காகக் காத்திருங்கள். அவன் கையில் அந்தக் கலயம் வர வேண்டும். அது கிடைக்காதவன் சொல்கிறேன்.


மாடித்தோட்டம் எழுதியது:

பவழமல்லி பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், எனக்குத் தெரிந்த விஷயம் அதுதான்.

எரித்தபின் மிஞ்சுவது எலும்பின் சுண்ணாம்புச் சத்து, பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். அதில் கிருமி எதுவும் இருக்காது, பயப்பட வேண்டாம். ஆனால் உப்பும் காரத்தன்மையும் அதிகம். செடி அடியில் அப்படியே கொட்டினால் வேர் கருகிவிடும், ஒரு வீட்டில் மல்லிச்செடி அப்படிப் பட்டுப்போனதைப் பார்த்திருக்கிறேன், அந்த வீட்டு அம்மாவுக்கு அது இரண்டாவது சாவு மாதிரி ஆகிவிட்டது. அதனால் அம்மா கேட்ட மாதிரி ஒரே ஒரு பிடி. மரத்தின் தூரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, ஒரு கூடை மட்கிய எருவும் செம்மண்ணும் கலந்து, அதோடு பிசைந்து போட்டு மூடுங்கள். அதற்கப்புறம் ஒரு வாரம் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். நம் ஊர் மின் மயானங்களில் எலும்பை அரைத்துத் தருவதில்லை, துண்டு துண்டாகத்தான் இருக்கும், அம்மா கையில் கொடுக்கும்போது சாம்பலாகப் பார்த்து எடுத்துக் கொடுங்கள், எலும்பைக் கண்டால் பாவம் பதறிப்போவார்.

பிரிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நேரு தன் உயிலில் ஒரு பிடியை அலகாபாத்தில் கங்கையில் விடச் சொல்லி, பெரும்பகுதியை விமானத்திலிருந்து உழவர்கள் பாடுபடுகிற வயல்கள் மேல் தூவச் சொன்னார், 1964ல் அப்படியே செய்தார்கள். ஒருவர் ஒரே இடத்தில்தான் அடங்க வேண்டும் என்று இல்லை.

கேட்கக் கூடாது, ஆனாலும் கேட்கிறேன். அந்த வீட்டை என்றாவது விற்பீர்களா? கே.ஆர்.புரத்தில் தனி வீட்டை இடித்து ஃபிளாட் கட்டுவதைத்தான் தினமும் பார்க்கிறோம். அப்படி ஒரு எண்ணம் இருந்தால் தரையில் போடாமல் பெரிய சிமென்ட் தொட்டியில் ஒரு பவழமல்லிப் போத்து நட்டு அதில் போடுங்கள். போகிற இடத்துக்கு எடுத்துப் போகலாம்.


ஃப்ரேசர்டவுன்_பழையவர் எழுதியது:

இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். நாங்கள் கத்தோலிக்கர்கள், எங்கள் வீட்டில் இதே கேள்வி வேறு மாதிரி வந்தது, யாருக்காவது உதவலாம் என்று எழுதுகிறேன். திருச்சபை 1963லேயே தகனத்தை அனுமதித்துவிட்டது, ஆனால் சாம்பலை ஆற்றில் கரைக்கவோ காற்றில் தூவவோ வீட்டில் வைக்கவோ கூடாது, கல்லறைத் தோட்டம் போலப் புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016ல் வாடிகன் தெளிவாகச் சொன்னது. 2023 டிசம்பரில் கொஞ்சம் தளர்த்தி, மிகச் சிறிய ஒரு பகுதியை மட்டும் அவருக்கு நெருக்கமான இடத்தில் வைக்கக் கேட்டால் பரிசீலிக்கலாம் என்றார்கள். என் மனைவியின் சாம்பலை அவளுடைய அம்மா கல்லறையைத் திறந்து அதற்குள்ளேயே வைத்தோம். புது இடம் வாங்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே பேசினால் போதும்.

மகளே, உன் அம்மாவை அந்தப் போர்ட்டிகோவில் தனியாக நிற்க விடாதே. காலையில் அவர் கதவைத் திறக்கும்போது நீயும் கூட நில்.


ஒயிட்ஃபீல்ட்_அக்கா எழுதியது:

பெண் செய்யலாமா என்ற கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லையே! நான் என் அப்பாவுக்குச் செய்தேன், கொள்ளியும் நான்தான். வீட்டில் ஒரே பெண். மாமா ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார், நான் ஒன்றும் சொல்லவில்லை, அப்பாவுக்கு ஆறு மாதம் டயாபர் மாற்றியவள் நான், சாம்பலைக் கரைக்க எனக்கு உரிமை இல்லையா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். காசியில் அந்தப் புரோகிதர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நீங்கள் பொறுக்கி எடுத்துவிட்டீர்கள், இனி யார் என்ன சொல்வது.

தம்பி காசியில் பிடிவாதமாக இருந்தால் இதை மனதில் வையுங்கள். விமானத்தில் கைப்பையிலேயே எடுத்துப் போகலாம், இறப்புச் சான்றும் தகனச் சான்றும் நகலோடு வேண்டும், விமான நிறுவனத்திடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். செம்பு, பித்தளைப் பாத்திரம் வேண்டாம், ஸ்கேனில் உள்ளே இருப்பது தெரியாவிட்டால் திறக்கச் சொல்வார்கள், அந்த வரிசையில் நின்று அதைத் திறப்பது கொடுமை. நான் கெட்டித் துணிப்பையில் கட்டி மரப்பெட்டியில் வைத்தேன், அந்தக் காவலர் கைகூப்பிவிட்டு அனுப்பினார். காசியில் அனுமான் காட், கேதார் காட் பக்கம் போனால் தமிழிலேயே பேசிச் செய்துகொள்ளலாம். போக முடியாதவர்களுக்குத் தபால் துறையில் ஒரு ஏற்பாடு உண்டு, ஓம் திவ்ய தர்ஷன் என்ற அமைப்பில் பதிவு செய்துவிட்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்பினால் வாரணாசி, பிரயாகை, ஹரித்வார், கயா இவற்றில் ஒரு இடத்தில் சடங்கு செய்து கரைப்பார்கள், வீட்டிலிருந்தே பார்க்கலாம். என்னால் அப்பாவைத் தபாலில் அனுப்பியிருக்க முடியாது, ஆனால் படுக்கையில் இருக்கிறவர்களுக்கு அது ஒரு வழி.

ஆனால் உங்கள் அப்பா வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். தம்பியிடம் அதை அப்படியே, அவர் சொன்ன வார்த்தையிலேயே சொல்லுங்கள். காசிக்குத் தம்பி பிறகு ஒருநாள் போய் அப்பா பேரில் எள்ளும் தண்ணீரும் விட்டு வரட்டும், அதை யார் தடுத்தார்கள்.

இறப்புச் சான்று வாங்கிவிட்டீர்களா? 21 நாளுக்குள் பதிவாகியிருக்க வேண்டும், மயான ரசீதில் பெயரும் எழுத்தும் சரியாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், பேங்க், பென்ஷன் எல்லாம் அதில்தான் நிற்கும்.


கே.ஆர்.புரம்_மகள் எழுதியது:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மே2021 எழுதியதைக் கேட்டுவிட்டு அம்மா ரொம்ப நேரம் கழித்து, "அந்தப் பையன் பெரியப்பாவும் காவிரியிலதான் இருக்காரா" என்றார்.

கலயத்தை எடுத்து மரப்பெட்டியில் வைத்துப் படிக்குக் கீழே வைத்துவிட்டேன். இறப்புச் சான்றிதழ் அரசின் இ-ஜன்மா இணையதளம் வழியாக எடுத்தாகிவிட்டது, அப்பா பெயரில் ஒரு எழுத்து தப்பு, திருத்தக் கொடுத்திருக்கிறேன். வீட்டை விற்கும் எண்ணம் இப்போது இல்லை, ஆனால் மாடித்தோட்டம் சொன்னதும் தொட்டிதான் சரி என்று படுகிறது. ஃப்ரேசர்டவுன் ஐயா, நாளைக் காலையிலிருந்து நானும் கூட நிற்கிறேன்.

மாயவரம் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டோம். அங்கிளிடம் எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தேன், அவர் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குத் துணைக்கு வருகிறேன் என்று அவ்வளவு ஆசையாகச் சொன்னார். சொன்னதும் ஒரே கேள்விதான் கேட்டார், வண்டியில் எனக்கு இடம் இருக்குமா என்று.


கே.ஆர்.புரம்_மகள் எழுதியது (ஆகஸ்ட்):

போய்விட்டு வந்தோம். கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

தம்பி வந்த மூன்றாம் நாள், ராத்திரி கிளம்பிச் சேலம், திருச்சி, கும்பகோணம் வழியாகக் காலை எட்டு மணிக்கு மாயவரம். அம்மா, அங்கிள், தம்பி, நான். அத்தை ஊரிலிருந்தே வந்து துலாக்கட்டத்தில் காத்திருந்தார். முந்தின நாளே உறவுக்காரர் ஒருவரை அனுப்பிப் பார்த்தோம், இடுப்பளவு தண்ணீர், நல்ல ஓட்டம், செம்மண் நிறம். கூலியை முன்னாலேயே பேசிவிட்டோம், ஒரு ரூபாய் கூடக் கேட்கவில்லை. காசி பற்றித் தம்பி வாயே திறக்கவில்லை. அப்பா சொன்னதை அப்படியே சொல்லியிருந்தேன். தண்ணீரில் இறங்கியதும் அவனே திரும்பி, நீயும் பிடி அக்கா என்றான், இரண்டு பேரும் கலயத்தின் வாயைப் பிடித்துத்தான் சாய்த்தோம். சித்தப்பாவிடம் போட்டோ காட்டினேன், நல்லதுதான் என்றார்.

அங்கிள் படியில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். குடகில் பிறந்து, கே.ஆர்.எஸ்.ஸில் கடல் மாதிரி பார்த்த காவிரி இங்கே இவ்வளவு ஒடுங்கி, ஒரு வாய்க்கால் அளவுக்குப் போகிறதே என்று அவருக்கு ஆச்சரியம். "இதுதானா உங்க அப்பா தினமும் பேப்பர்ல தேடினது" என்று தமிழில் கேட்டார். ஆமாம் அங்கிள் என்றேன். எழுந்து வந்து குனிந்து ஒரு கை தண்ணீர் எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டார்.

கலயத்தையும் துணியையும் ஆற்றில் விடவில்லை. சாம்பலும் பூவும் மட்டும்தான், அதுவும் மாலையில் இருந்த நூலை உருவிவிட்டு உதிரியாக. கலயத்தைக் கரையில் உடைத்து உடைந்த ஓடுகளை ஒரு பையில் போட்டு எடுத்துவந்தோம், துணியும் அதோடு. புரோகிதர் தண்ணீரில் போடச் சொன்னார், வேண்டாம் என்று சொன்னதும் சரி என்று விட்டுவிட்டார். அம்மாவின் ஒரு பிடி தொட்டியில் இருக்கிறது. போத்து துளிர்த்து இரண்டு இலை வந்திருக்கிறது.


ராமமூர்த்திநகர்வாசி எழுதியது:

படித்தேன் சகோதரி. கே.ஆர்.எஸ். நிலவரம் கேட்டுவிட்டேன், சங்கமத்தில் இப்போது நல்ல தண்ணீராம், இறங்கவும் விடுகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நானும் அண்ணனும் போகிறோம், அம்மாவை நினைத்து ஒரு முழுக்கு, கொஞ்சம் உதிரிப் பூ. உங்கள் வீட்டு அங்கிளுக்கு வர முடியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள், வழியில்தான், ஏற்றிக்கொள்கிறோம்.